தறியும் கணினியும் இணையும் கூட்டுக் கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைத்தறி நெசவாளர்களும் கணினியைக் கருவியாகக் கொண்ட கலைஞர்களும் சேர்ந்து உருவாக்கிய படைப்புகள் கடந்த முப்பது ஆண்டுகளில் உலகின் பெரிய அருங்காட்சியகங்களை எட்டியிருக்கின்றன. அவற்றைப் பார்த்தவர்களும், நெசவுத் தொழிலில் இருப்பவர்களும், வடிவமைப்பு படிக்கும் மாணவர்களும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் நவஹோ நாடு (நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதி), சிலி, அஜர்பைஜான், நார்வே ஆகிய இடங்களைச் சேர்ந்தவை. காஞ்சிபுரம் குறித்த கேள்வி பிற்பகுதியில் உள்ளது.

நெசவுக்கும் கணினிக்கும் இயல்பான உறவு உண்டா, அல்லது அது கலைஞர்கள் வலிந்து கற்பித்ததா?

உறவு துணியின் அமைப்பிலேயே இருக்கிறது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்காக ஓடும் ஊடை நூலும் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் பாவு மேலே இருக்கும், அல்லது கீழே இருக்கும்; மூன்றாவது நிலை கிடையாது. எனவே எவ்வளவு சிக்கலான பூவேலையையும் கட்டத்தாளில் நிரப்பிய கட்டம், வெற்றுக் கட்டம் என்ற இரண்டே குறிகளால் எழுதிவிட முடியும்.

இந்தக் குறிகளை மனித நினைவிலிருந்து ஒரு பொருளுக்கு மாற்றும் முயற்சி பிரான்சில், பெரிதும் லியோன் நகரத்துப் பட்டு நெசவைச் சுற்றி, படிப்படியாக நடந்தது. 1725இல் பசில் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார். 1728இல் ழான் பட்டிஸ்ட் ஃபால்கோன் அதைக் கோத்த அட்டைகளாக மாற்றினார். 1745இல் ழாக் வோகான்சோன் தானியங்கித் தறி ஒன்றை அமைத்தார். 1804இல் ழோசஃப் மரி ழக்கார் இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துத் தொழிலுக்கு உகந்த கருவியாக்கினார். நம் ஊர்த் தறிகளின் மேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டுப் பெட்டி அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அட்டையில் துளை இருந்தால் ஊசி அதற்குள் நுழைகிறது, அதனோடு இணைந்த கொக்கி தூக்கப்படுகிறது, பாவு நூல் எழுகிறது; துளை இல்லாவிட்டால் ஊசி பின்னுக்குத் தள்ளப்பட்டு நூல் கீழேயே நின்றுவிடுகிறது. 1839இல் லியோனில் ழக்காரின் உருவத்தையே பட்டில் நெய்தபோது அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அந்தப் பட்டுப் படத்தின் படி ஒன்றை ஆங்கிலக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் வைத்திருந்தார். பகுப்பாய்வு எந்திரம் என்று தாம் திட்டமிட்ட கணக்கிடும் கருவிக்கு அட்டைகளை அவர் எடுத்துக்கொண்டதும் ஜக்கார்டுத் தறியிலிருந்துதான். ஜக்கார்டுத் தறி பூவையும் இலையையும் நெய்வதைப் போல இந்த எந்திரம் இயற்கணித வடிவங்களை நெய்கிறது என்று ஏடா லவ்லேஸ் 1843இல் எழுதினார்.

ஆயினும் தறியையே முதல் கணினி என்று சொல்லிவிடுவது மிகை. ஜக்கார்டு அட்டை ஒரு வடிவத்தைச் சேமித்து வைக்கிறது, வரிசையாக நிறைவேற்றுகிறது. ஒரு விடையைப் பார்த்து அடுத்த அடியை மாற்றிக்கொள்வதில்லை. தறியில் அந்த வேலையைச் செய்பவர் நெசவாளர். நூல் அறுந்ததையும், இழுவிசை தளர்ந்ததையும், நிறம் பொருந்தாததையும் கண்டு முடிவெடுப்பவர் அவரே. கூட்டுப் படைப்புகளை மதிப்பிடும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருப்பது பயன் தரும்.

இத்துறையை அறிந்துகொள்ள எந்தப் படைப்பிலிருந்து தொடங்கலாம்?

மரிலோ ஷுல்ட்ஸ் 1994இல் நெய்த கம்பளி விரிப்பிலிருந்து தொடங்கலாம். அவர் டினே இனத்தைச் சேர்ந்த நெசவாளர். டினே என்பது நவஹோ மக்கள் தங்களைக் குறிக்க வழங்கும் பெயர். இன்டெல் நிறுவனம் அமெரிக்கப் பழங்குடி அறிவியல், பொறியியல் சங்கத்துக்கு அன்பளிப்பாகத் தருவதற்காக, தன் பென்டியம் கணினிச் சில்லின் (சிப்) உட்புறப் படத்தை நெய்து தரும்படி அவரிடம் கேட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து 2024இல் அந்த விரிப்பு வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில், நெசவுக்கும் நவீன அருவக் கலைக்கும் உள்ள உறவைக் காட்டிய கண்காட்சியில் இடம்பெற்றது.

இந்த விரிப்புக்குப் பின்னால் மகிழ்ச்சி குறைந்த வரலாறு ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் விரிப்பை மட்டும் பார்ப்பது அரைகுறைப் பார்வையாகிவிடும். ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனம் 1965இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நவஹோ நிலத்திலுள்ள ஷிப்ராக்கில் சில்லுத் தயாரிப்பைத் தொடங்கியது. அங்கு வேலை செய்தவர்கள் உச்சக்கட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலானவர்கள் நவஹோ பெண்கள். 1969இல் புதிய ஆலைக் கட்டடம் திறக்கப்பட்டபோது நிறுவனம் வெளியிட்ட சிற்றேடு, விரிப்பு நெய்யும் கைகளுக்கும் சில்லு இணைக்கும் கைகளுக்கும் உறவு கற்பித்துப் பெருமைப்பட்டுக்கொண்டது. நெசவு மரபில் வந்தவர்களுக்கு நுண்ணிய வேலை இயல்பாகவே வரும் என்ற அந்தப் பாராட்டு, அப்பெண்கள் பயிற்சியால் பெற்ற திறனைப் பிறவிக் குணமாக மாற்றிக் காட்டியதன் மூலம், அதற்கேற்ற ஊதியம் தரவேண்டிய கேள்வியையும் நழுவவிட்டது. 1975இல் அமெரிக்கப் பழங்குடி இயக்கத்தினர் ஆலையைச் சில நாள் கைப்பற்றி வைத்திருந்தனர். அதன் பின் நிறுவனம் ஆலையை மூடிவிட்டது. ஷுல்ட்ஸ் பிற்பாடு ஃபேர்சைல்டு சில்லு ஒன்றையும் விரிப்பாக நெய்திருக்கிறார்.

அந்த விரிப்பு முழுக்கக் கையால் நெய்யப்பட்டதுதானே? அதில் எண்ணிய (டிஜிட்டல்) நுட்பத்தின் பங்கு என்ன?

தறியில் கணினி எதுவும் இல்லை. நவஹோ தறி நிமிர்ந்து நிற்கும் எளிய சட்டம். ஊடை நூல் விரல்களால் செலுத்தப்பட்டு, சீப்பு போன்ற மரக்கருவியால் தட்டி இறுக்கப்படுகிறது. பாவு வெளியே தெரியாதபடி ஊடை முழுவதும் மூடிவிடும் நெசவு அது. நிறம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஊடை திரும்பியாக வேண்டும். ஆகவே ஒரே வரிசையில் பத்து நிறத் துண்டுகள் வந்தால் பத்து நூல்களைத் தனித்தனியே கையாள வேண்டும்.

எண்ணிய நுட்பம் இங்கே பொருளாக இருக்கிறது, கருவியாக இல்லை. அப்படியிருந்தும் இதை முழுமையான கூட்டுப் படைப்பு என்று சொல்லத் தயக்கமில்லை, ஏனெனில் கடினமான முடிவுகள் அனைத்தும் நெசவாளரின் கையில் இருந்தன. 1993இல் வெளிவந்த முதல் பென்டியத்தில் சுமார் 31 லட்சம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. ஒரு விரிப்பில் அவ்வளவையும் காட்ட இயலாது. எந்தப் பகுதியைத் திண்ணிய கட்டமாக்குவது, எதை வரிகளாக்குவது, எதை விட்டுவிடுவது என்பதை நெய்பவரே தீர்மானிக்க வேண்டும். நவஹோ நெசவாளர்கள் மரபாக வரைபடம் வைத்துக்கொள்வதில்லை. வடிவம் மனத்தில் இருக்கும். இருபுறமும் ஒத்து அமையும் மரபு வடிவங்களில் ஒரு பாதி மறுபாதிக்கு வழிகாட்டும். சில்லுக்கு அத்தகைய சமச்சீர் கிடையாது. வரிக்கு வரி படத்தைப் பார்த்து எண்ணித்தான் ஆகவேண்டும். அந்த விரிப்பைக் கண்ட கணினிப் பொறியாளர்களால் அது எந்தச் சில்லு என்று உறுதியாக இனங்காண முடிந்திருக்கிறது என்பதே அந்த எண்ணிக்கை எவ்வளவு துல்லியமாக நடந்தது என்பதற்குச் சான்று.

கலைஞரும் நெசவாளரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும் கூட்டு முயற்சிக்கு நல்ல எடுத்துக்காட்டு எது?

சிலியில் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸில் வாழும் கியெர்மோ பெர்ட், சிலியின் பழங்குடியினரான மபுச்சே இன நெசவாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய குறியீட்டுத் துணிகளைச் சொல்லலாம். மபுச்சே மக்களின் படிக்கட்டு வடிவக் கோலங்களுக்கும், கைபேசி வாசிக்கும் இருபரிமாணப் பட்டைக் குறிகளுக்கும் உள்ள தோற்ற ஒற்றுமையே அவருக்குத் தூண்டுதல். அச்சமூகத்துப் பெரியவர்கள், கவிஞர்கள், மருத்துவத் தலைவர்கள் ஆகியோரின் கூற்றுகளை அவர் பதிவு செய்தார். அவற்றிலிருந்து எடுத்த வாசகத்தையோ இணைய முகவரியையோ குறியாக மாற்றினார். அந்தக் குறியை நெசவாளர் கம்பளியில் நெய்தார். துணியின் முன் கைபேசியை நீட்டினால், அதைச் சொன்னவரின் கதை கிடைக்கும். பின்னாளில் நவஹோ, சபோடெக், மாயா இன நெசவாளர்களோடும் இதே வேலையை அவர் தொடர்ந்தார்.

இதில் கவனிக்கத்தக்க செய்தி, மபுச்சே நெசவாளரான அனிதா பைலமில்லின் பெயர் கலைஞரின் பெயரோடு சேர்த்துக் குறிக்கப்படுவதாகும். கூட்டு முயற்சி என்று விளம்பரப்படுத்தப்படும் பல படைப்புகளின் பெயர்ப்பலகையில் "உள்ளூர்க் கைவினைஞர்களின் உதவியுடன்" என்ற ஒரு வரிதான் இருக்கும். அந்த வரியை எழுதுபவர்கள் அதே பலகையில் நிதி அளித்த நிறுவனத்தின் பெயரை ஒரு புள்ளிகூட விடாமல் எழுதுவார்கள்.

நெய்த கியூஆர் குறியை உண்மையிலேயே கைபேசி வாசிக்குமா?

வாசிக்கும், சில நிபந்தனைகளோடு. ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் இக்குறியை 1994இல், அதாவது ஷுல்ட்ஸின் விரிப்பு நெய்யப்பட்ட அதே ஆண்டில், வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக உருவாக்கியது. மிகச் சிறிய குறி 21×21 கட்டங்கள் கொண்டது. மிகப் பெரியது 177×177. கிழிந்தாலும் அழுக்குப் பட்டாலும் வாசிக்கும்படி பிழை திருத்தும் வசதி இதில் உள்ளேயே வைக்கப்பட்டுள்ளது. அந்த வசதி நான்கு நிலைகளில் கிடைக்கிறது. மிகக் குறைந்த நிலையில் ஏறத்தாழ 7 விழுக்காடும், மிக உயர்ந்த நிலையில் ஏறத்தாழ 30 விழுக்காடும் சேதத்தைத் தாங்கும். நெசவில் ஓரிரு கட்டம் தவறினாலும் குறி பிழைத்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

நெசவாளருக்கு வரும் சிக்கல் வேறு. ஒவ்வொரு கட்டமும் சதுரமாக இருக்க வேண்டும். ஓர் அங்குலத்தில் உள்ள பாவு நூல்களின் எண்ணிக்கையும் ஊடை நூல்களின் எண்ணிக்கையும் வேறுபட்டால், கட்டத்தாளில் சதுரமாக இருந்தது துணியில் செவ்வகமாகிவிடும். ஆகவே ஒரு கட்டத்துக்கு எத்தனை பாவு, எத்தனை ஊடை என்ற விகிதத்தை மாதிரித்துணி நெய்து பார்த்து முதலில் முடிவு செய்ய வேண்டும். மேலும் கியூஆர் குறியைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விடவேண்டும் என்பது விதி; அழகுக்காக அந்த இடத்தில் கரை வைத்தால் கைபேசி தடுமாறும். நடுவில் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த சதுரங்களைக் கொண்ட ஆஸ்டெக் என்னும் வேறு வகைக் குறிக்கு இந்த வெற்றிடம் தேவையில்லை. பெர்ட் அந்தக் குறியையும் பயன்படுத்தியிருக்கிறார். நிறத்தைப் பொறுத்தவரை, கறுப்பும் வெள்ளையும் கட்டாயமல்ல, ஆனால் ஒளிச்செறிவில் தெளிவான வேறுபாடு வேண்டும். அடர் சிவப்பும் அடர் பச்சையும் கண்ணுக்கு எதிரெதிராகத் தெரிந்தாலும் கைபேசிக்கு ஏறத்தாழ ஒன்றாகவே தெரியலாம். பட்டும் சரிகையும் விளக்கொளியில் மின்னுவதால் கம்பளியைவிட அதிகத் தொல்லை தரும்.

கணினியில் சிதைக்கப்பட்ட பாரசீகக் கம்பளங்களைப் போன்ற படங்கள் இணையத்தில் உலவுகின்றன. அவை அச்சிடப்பட்டவையா?

அவற்றுள் பெரும்பாலானவை அஜர்பைஜானின் பாகு நகரைச் சேர்ந்த ஃபயிக் அகமதின் படைப்புகளாக இருக்கும். அவை அச்சு அல்ல, கையால் முடிச்சிட்டவை. மரபான கம்பள வடிவத்தைக் கணினியில் உருகி வழிவதாகவோ, படப்புள்ளிகளாக உடைவதாகவோ மாற்றி, அதை முழு அளவில் கட்டமிட்ட தாளாக அச்சிட்டு நெசவாளர்களிடம் தருகிறார். அவர்கள் கட்டத்துக்கு ஒரு முடிச்சாக இட்டுக்கொண்டு போகிறார்கள். அஜர்பைஜான் கம்பள நெசவு 2010 முதல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் உள்ளது. அங்கே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உரிய கோலம் கறாராகப் பேணப்படுகிறது. கோலம் திடீரென வழிந்தோடும் இடத்தில் நெசவாளரின் பழகிய கை அடுத்த முடிச்சைத் தானாகப் போட முடியாது. அந்தத் தயக்கம் பார்வையாளருக்குத் தெரிவதில்லை; எனினும் வேலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

கலைஞர்கள் சொல்லும் எண்ணியத் தறி என்பது விசைத்தறியிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

நார்வேயைச் சேர்ந்த விபெகே வெஸ்ட்பி என்ற நெசவாளரின் முன்முயற்சியில் 1990களில் உருவான டிசி1 தறியும், அதன் பின்வந்த டிசி2 தறியும் இப்பெயரால் அதிகம் குறிக்கப்படுகின்றன. சாதாரணத் தறியில் பாவு நூல்களைத் தூக்கும் விழுதுகள் (நூல் கண்ணிகள்) குழுக்களாகச் சட்டங்களில் கட்டப்பட்டிருக்கும். இத்தறியில் ஒவ்வொரு பாவு நூலையும் கணினி தனித்தனியே தூக்கும். ஆனால் ஊடையைச் செலுத்துவதும், அதை இறுக்க அச்சு என்னும் சீப்புச் சட்டத்தை அடிப்பதும் நெசவாளரின் கைகளே. விசைத்தறியில் தொடங்கிய ஓட்டம் பொதுவாக அப்படியே முடியும். இங்கே நெசவாளர் ஒவ்வோர் ஊடைக்கும் நிறுத்தி, நூலை மாற்றலாம், கோப்பைத் திருத்தலாம், வேண்டுமென்றே விதி மீறலாம்.

தறிக்குத் தரப்படும் கோப்பு வெறும் கறுப்பு வெள்ளைப் படம். ஒரு படப்புள்ளி ஒரு குறுக்கீடு. கறுப்பு என்றால் பாவு எழும். இதைக் கேட்டவுடன் கணினிக் கலைஞர்கள் நிழற்படத்தை அப்படியே கறுப்பு வெள்ளையாக்கி அனுப்பிவிடுவது உண்டு. அப்போது பரந்த கறுப்புப் பகுதிகளில் நூல் எங்கும் பின்னப்படாமல் நீளமாக மிதந்து, கைபட்டால் மாட்டிக்கொள்ளும், துணியாகவே நிற்காது. ஒவ்வொரு சாயலுக்கும் சாதா நெசவு, சாய்வரி நெசவு, சாட்டின் நெசவு என்று தக்க கட்டமைப்பை ஒதுக்கி, மிதவையின் நீளத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். நெசவு அறிந்தவரின் பங்களிப்பு இந்தக் கட்டத்திலேயே தொடங்குகிறது. தறிக்கு முன்னால் உட்காரும்போது மட்டுமல்ல.

பெரிய ஆலைகளில் நெய்யப்படும் கலைஞர்களின் சுவர்த்திரைகளையும் இந்த வகையில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் வேறு அறையில். 2002இல் திறக்கப்பட்ட லாஸ் ஏஞ்சல்ஸ் பேராலயத்துக்காக ஓவியர் ஜான் நாவா வடிவமைத்த 25 திரைகளில் 135 புனிதர்கள் இடம்பெறுகிறார்கள். அவை பெல்ஜியத்தில் கணினி வழி ஜக்கார்டுத் தறிகளில் நெய்யப்பட்டன. பிரிட்டனின் கிரேசன் பெர்ரி 2009இல் உருவாக்கிய 15 மீட்டர் நீளத் திரையும் இதே தொழில்நுட்பத்தின் விளைவு. ஓவியத்தின் ஆயிரக்கணக்கான நிறங்களை ஒரு சில நிற நூல்களின் கலவைகளாக மாற்றித் தரும் நுட்பர்களின் உழைப்பு மிகப் பெரியது. ஆயினும் அங்கே இலக்கு ஓவியத்துக்கு உண்மையாக இருப்பது. நெசவு மரபு எதுவும் அந்த ஓவியத்தை எதிர்த்துப் பேசுவதில்லை. இக்கட்டுரையாளரின் கருத்தில், எதிர்த்துப் பேசும் உரிமை இரு தரப்புக்கும் இருக்கும்போதுதான் கூட்டுப் படைப்பு என்ற பெயர் பொருந்துகிறது.

பல்கலைக்கழகங்களில் இத்தகைய முயற்சிகள் நடக்கின்றனவா?

நடக்கின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் லாரா டெவன்டார்ஃப் நடத்தும் ஆய்வகம், நெசவாளர்களைத் தங்கிப் பணியாற்ற அழைத்துப் பொறியாளர்களோடு சேர்த்து வேலை செய்ய வைக்கிறது. அங்கு உருவான ஏடாகேட் என்னும் நெசவு வரைவு மென்பொருள் கட்டணமின்றித் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. மியூனிக் நகரின் டாயிட்ச் அருங்காட்சியகத்தில் எலன் ஹார்லிசியஸ் குளூக் தலைமையில் நடந்த பெனலோப் ஆய்வுத் திட்டம், பண்டைய கிரேக்க நெசவைக் கணிதச் சிந்தனையாகக் கொண்டு ஆராய்ந்தது. மேடையில் நிரல் எழுதி இசை படைக்கும் அலெக்ஸ் மெக்லீன் அதில் பங்கேற்றார்.

அப்பல்லோ விண்கலக் கணினியின் நிலை நினைவகத்தை நினைவுகூரும் கூட்டுப் பணியும் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரேதியான் ஆலையில் பெண்கள் மெல்லிய செம்புக் கம்பியைக் காந்த வளையங்களுக்கு உள்ளாகக் கோத்தால் ஒன்று, வெளியே விட்டால் சுழியம் என்ற முறையில் அந்த நினைவகத்தைக் கையால் பின்னினார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்து டானியேலா ரோஸ்னரும் குழுவினரும், பொதுமக்கள் கூடிப் பின்னிய சிறு நினைவகத் துண்டுகளை ஒரே மெத்தை விரிப்பாகத் தைத்து, அப்பெண்களின் உழைப்பை நினைவூட்டினார்கள்.

மின்கடத்தும் நூலை நெய்து, தொட்டால் ஒலிக்கும் துணி செய்வது எளிதா?

சிறிய மாதிரி செய்வது எளிது. 2007இல் லியா பியூக்லி வடிவமைத்த, துணியில் தைக்கக்கூடிய லிலிபேட் மின்சுற்றுப்பலகை வந்த பிறகு தையல் ஊசி பிடிக்கத் தெரிந்தவர் எவரும் முயலலாம். நீடிக்கச் செய்வது கடினம். வெள்ளி பூசிய நூல் காற்றில் கறுக்கும், துவைத்தால் பூச்சு தேயும். அதோடு, பாவிலும் ஊடையிலும் கடத்தும் நூல் இருந்தால் அவை குறுக்கிடும் இடமெல்லாம் மின்னிணைப்பாகிவிடும். இரண்டுக்கும் நடுவே பருத்தி அடுக்கு வரும்படி இரட்டைத்துணி நெசவு நெய்தால் அந்தச் சிக்கல் தீரும். கூகுளும் லீவைசும் 2015இல் அறிவித்து 2017இல் விற்பனைக்குக் கொண்டுவந்த தொடுசட்டை நிலைக்கவில்லை. கலைஞர்களுக்கு இதில் ஏமாற்றம் ஒன்றுமில்லை. சந்தைக்கு ஆகாதது கண்காட்சிக்கு ஆகும்.

காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊர்களில் இத்தகைய இணைப்பு இருக்கிறதா?

கலைக்கூடப் படைப்பு என்ற பெயரில் இல்லாவிட்டாலும், தொழிலில் இருக்கிறது. ஜக்கார்டு வருவதற்கு முன் காஞ்சிபுரத்தில் அடை என்ற முறை வழங்கியது. எந்த ஊடைக்கு எந்தப் பாவு எழவேண்டும் என்பதை நூல்களால் முன்கூட்டியே கட்டி வைத்து, வரிசையாக இழுத்து நெய்யும் முறை அது. பிறகு கட்டத்தாளில் வரைந்து அட்டை குத்தினார்கள். இப்போது வரைவு கணினியில் நடக்கிறது. சில தறிகளில் அட்டைக்குப் பதில் மின்னணு ஜக்கார்டு பொருத்தப்பட்டுள்ளது. ஆனால் உடலையும் கரையையும் வேறு வேறு ஊடையால் நெய்து பிணைக்கும் கோர்வையும், உடல் பாவோடு முந்தியின் பாவை இணைக்கும் பேட்னியும் கணினிக்கு அப்பாற்பட்டவை. புட்டாவைக் கணினி எழுப்பும். கோர்வையைக் கைதான் பிடிக்கும்.

சட்டத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் கைத்தறி என்பதை விசைத்தறி அல்லாத தறி என்றே வரையறுக்கிறது. கொக்கிகளை மின்சாரம் இயக்கி, ஊடை நூலைக் கொண்டோடும் நாடாவைக் கை ஓட்டும்போது அந்தத் தறி எந்தப் பக்கம் சேரும் என்ற கேள்வி நியாயமாகவே எழுகிறது. கணினி வரைவோடு மட்டும் நின்றுகொள்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் சந்தேரியில் எண்ணிய வலுவூட்டல் அறக்கட்டளை நடத்திய சந்தேரியான் திட்டம், நெசவுக் குடும்பத்து இளைஞர்களுக்கே கணினி வரைவைக் கற்றுத் தந்தது. வடிவத்தை வெளியாள் எழுதி அனுப்பாமல் தறிக்கு அருகிலேயே அது எழுதப்பட்டது என்பது அதன் சிறப்பு.

கணினி வந்தால் நெசவாளர் வேலை போய்விடாதா?

யாருடைய வேலை என்று பிரித்துக் கேட்க வேண்டும். ழக்காரின் கருவி நெசவாளரை அகற்றவில்லை. தறியின் அருகில் நின்று நூல்களை இழுத்துக் கொடுத்த உதவியாளரை அகற்றியது. அந்த வேலையைப் பெரும்பாலும் சிறுவர்கள் செய்தார்கள் என்பதால் அதை இழப்பு என்று மட்டும் சொல்லவும் முடியாது. லியோன் நெசவாளர்கள் 1831இல் கிளர்ந்தெழுந்தது எந்திரத்துக்கு எதிராக என்று பலர் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அவர்கள் கேட்டது குறைந்தபட்ச நெசவுக் கூலி. பட்டு வணிகர்கள் ஒப்புக்கொண்ட கூலிவிகிதத்தைப் பின்னர் மதிக்க மறுத்ததே கிளர்ச்சிக்குக் காரணம். கோர்வைச் சேலைக்கு இன்றும் உதவியாளர் ஒருவர் தேவைப்படுகிறார், அவ்வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகி வருகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

கூட்டுப் படைப்பின் உரிமை யாருக்கு?

பொதுவான சட்ட விடை இல்லை. முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் உடன்படிக்கையே காப்பு. நெசவாளரின் பெயர் பெயர்ப்பலகையிலும் நூலிலும் வருமா, ஊதியம் நாள் கணக்கிலா விற்பனைப் பங்கிலா, மாதிரித்துணிக்குச் செலவழித்த காலத்துக்குக் கூலி உண்டா, கோப்பை வேறொரு தறியில் மீண்டும் நெய்ய யாருடைய ஒப்புதல் வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வி கணினியால் புதிதாக வந்தது. முன்பு வடிவம் நெசவாளரின் நினைவில் இருந்ததால் அவரில்லாமல் மறுபடி நெய்ய முடியாது; கோப்பாகிவிட்டால் முடியும்.

சமூகத்துக்குரிய வடிவங்களுக்குச் சில பாதுகாப்புகள் உள்ளன. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம், பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாக விற்பதைத் தடுக்கிறது. நவஹோ என்ற பெயரைத் தன் சரக்குகளுக்கு வைத்த அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் நிறுவனத்தின் மேல் நவஹோ நாடு 2012இல் வழக்குத் தொடுத்து, 2016இல் உடன்பாடு கண்டது. இவையெல்லாம் பெயரைக் காப்பவை. ஒரு கோலத்தின் தருக்கத்தைக் கற்றுக்கொண்டு வேறு கோலங்களை உற்பத்தி செய்யும் மென்பொருளை இவற்றால் தடுப்பது கடினம்.

நெய்த குறி சுட்டும் இணைய முகவரி ஒருநாள் செயலிழந்துவிட்டால் படைப்பு என்னவாகும்?

கம்பளி நூற்றாண்டுகள் நிற்கும், இணைய முகவரி பத்தாண்டு நின்றால் பெரிது. ஆகவே இது கட்டாயம் நடக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். முகவரியை நெய்வதானால் நிறுவனமொன்று நீண்ட காலம் பேண ஒப்புக்கொண்ட முகவரியாக இருக்கட்டும். ஒலி, ஒளிப் பதிவுகளின் படியும், நெசவுக் கோப்பும், கட்டத்தாளும் துணியோடு சேர்த்து ஒப்படைக்கப்பட வேண்டும்.

அதைவிட உறுதியான வழி, முகவரியை விட்டுவிட்டு வாசகத்தையே குறியாக்குவது. தமிழில் செய்ய விரும்புவோர் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் (கணினித் தரவின் அலகு) போதும்; தமிழில் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும், அதாவது கணினி தனியாக எண்ணும் ஒவ்வோர் எழுத்துக்கும் துணைக்குறிக்கும், 3 பைட் தேவை, எழுத்தோடு துணைக்குறியோ புள்ளியோ சேர்ந்தால் 6 பைட் ஆகிவிடும். ஏழு சிறு சொற்கள் கொண்ட ஒரு வாக்கியம் ஏறத்தாழ 120 பைட்டுக்கு வரும். குறைந்த திருத்த நிலையில் அதற்கு 41×41 கட்டங்கள் போதும். நெசவுப் பிழைகளைத் தாங்கும் மிக உயர்ந்த நிலை வேண்டுமென்றால் 61×61 கட்டங்கள் வேண்டும். கட்டத்துக்கு நான்கு பாவு என்று வைத்தால், இருபுற வெற்றிடத்தையும் சேர்த்து 276 பாவு நூல்கள். நடுத்தரமான மேசைத்தறியிலேயே இது அடங்கும்.